பெட்டி விழுங்கிய குரல்

"இந்தப் பெட்டி என் பொண்ணை முழுங்குதுங்க!"

கவுண்ட்டர் மேல் கையடக்க சிடி பிளேயரைப் பொத்தென்று வைத்துவிட்டு ஆணிக்காரர் சொன்னதும் கடையே திரும்பிப் பார்த்தது. டிவி வாங்க வந்த புதுமணத் தம்பதி, மின்விசிறியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த அம்மாள், வாசலில் நின்ற காவலாளி, எல்லோரும்தான். ஆணிக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. பேசினால் ஊருக்கே கேட்கும். இல்லையென்றால் உதடு மட்டும் அசையும். நடுவில் ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

கவுண்ட்டரில் இருந்த பெண் பதறவில்லை. வாடிக்கையாளர் புகாரைக் கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இந்தப் பிளேயர் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து அவள் கேட்காத கதை இல்லை. நடந்தால் பாட்டு நொண்டுகிறது என்பார் ஒருவர். பையில் போட்டுக்கொண்டு ஓடினால் பல்லவியிலிருந்து நேராகக் கடைசிச் சரணத்துக்குத் தாவுகிறது என்பார் இன்னொருவர். போன வாரம் ஒரு பெரிய மனிதர் டிஸ்க்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, "பாட மாட்டேன்னு அடம் பிடிக்குதும்மா" என்று மல்லுக்கு நின்றார். ஆனால் பெண்ணை விழுங்கிய பெட்டியை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"என்ன ஆச்சுங்கய்யா? நிதானமாச் சொல்லுங்க."

"மேளம் வருது. கிட்டார் வருது. ஆம்பளை பாடுறதும் வருது. பின்னாடி பொண்ணுங்க கூட்டமாப் பாடுவாங்க பாருங்க, கோரஸு, அது மட்டும் வர மாட்டேங்குது. வாங்கின புதுசுல கணீர்னு வந்துச்சும்மா. இப்ப கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிட்டே இருக்கு. அந்தக் கூட்டத்துல ஒருத்தி என் பொண்ணு."

உள்ளே இருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். நகைச்சுவை உணர்வு உள்ளவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம்.

"ஐயா, வீட்டுல பூந்து நகையை மட்டும் எடுத்துட்டுப் போற திருடனைப் பார்த்திருக்கேன். பாட்டுல பூந்து பொம்பளைங்களை மட்டும் தூக்கிட்டுப் போற மெஷினை இப்பதான் கேள்விப்படுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆணிக்காரர் மேனேஜரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இறுகிப்போயிருந்தது.

"சிரிங்க சார். உங்க வீட்டுப் பொண்ணு காணாமப் போனா இப்படித்தான் சிரிப்பீங்களா?"

சிரிப்பு பட்டென்று நின்றுபோனது. கவுண்ட்டர் பெண் அவசரமாக ஒரு புது ஹெட்ஃபோனைப் பிரித்து மாட்டிக் கொடுத்தாள். "இதுல கேட்டுப் பாருங்கய்யா. பழசுல வயர் போயிருக்கும்." புதிதில் ஏதோ கொஞ்சம் கூடுதலாகக் கேட்ட மாதிரி இருந்தது. அந்த ஏதோவையே பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

பாவம், தன் பெண்ணின் குரல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

ஆணிக் கம்பெனி என்றால் பலருக்குப் புரியாது. கம்பிச் சுருள் ஒரு பக்கம் மெஷினுக்குள் போகும். தலையில் ஓங்கி ஓர் அடி, முனையில் ஒரு வெட்டு, அவ்வளவுதான், மறுபக்கம் தகரத் தொட்டியில் ஆணி ஆணியாகக் கொட்டும். ஒரு மெஷின் அடிக்கும் அடியே மண்டையைப் பிளக்கும். அந்தக் கொட்டகையில் வரிசை வரிசையாக மெஷின்கள். உள்ளே போனால் இடி இடித்தாலும் தெரியாது.

அதனால் அங்கே யாரும் குரலால் பேசுவதில்லை. உதட்டை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள். கொட்டகையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஒரு முழுக் குடும்பக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். முதலாளி முதுகைக் காட்டினால் போதும், வாய் நிறையத் திட்டித் தீர்க்கலாம். அவர் நேரே திரும்பினால் உதட்டை மூடிக்கொண்டால் சரி. ஆணிக்காரர் மெஷின் ஓட்டினார். அவர் மனைவி அதே கொட்டகையின் பின்பக்கம் ஆணிகளை எடை போட்டு அட்டைப் பெட்டியில் கட்டினாள். இரண்டு பேரும் காதலித்ததே அந்த இரைச்சலுக்கு நடுவில் உதட்டசைவில்தான். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒருவர் குரலை ஒருவர் ஒழுங்காகக் கேட்டார்கள். "உன் குரல் இப்படியா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன்" என்று அவர் கேலி செய்ய, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, காதுல பஞ்சை வெச்சுக்கோங்க" என்று அவள் சொல்லுவாள்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பாதிப் பேச்சு உதட்டிலேயே முடிந்துவிடும். சண்டைகூடச் சத்தமில்லாமல் நடக்கும். "உங்க வீட்டுல சண்டை சச்சரவே கிடையாதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி பொறாமைப்படுவாள்.

இப்படிப்பட்ட ஊமை வீட்டில் பிறந்த பெண் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தால் எப்படி இருக்கும்! பாப்பா பாடினாள். குளிக்கும்போது பாடினாள், பாத்திரம் கழுவும்போது பாடினாள். "நான் உங்களை மாதிரி வாயசைச்சுப் பிழைக்க மாட்டேம்மா. குரலை வெச்சுத்தான் பிழைப்பேன்" என்றாள். படித்து முடித்ததும் நகரத்தில் ஒரு ரெகார்டிங் ஸ்டூடியோவில் கோரஸ் பாட இடம் கிடைத்தது.

ஆணிக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெண் ஒரு நாள் மேடையில் முன்னால் நின்று பாடுவாள் என்று அவர் மனசுக்குள் கோட்டை கட்டி வைத்திருந்தார். அதை வெளியே சொல்லத் தெரியாமல் திட்டாகச் சொன்னார்.

"கூட்டத்தோட கோவிந்தா போடுறதுக்கு ஒரு பொழப்பா? நீ பாடினியா, பக்கத்துல நிக்கிறவ பாடினாளான்னு எவனுக்குத் தெரியும்? தொட்டில கொட்டுற ஆணிக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் ஒண்ணு மாதிரி!"

பாப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் அவள் அவர் பெண்ணாயிற்றே, வளைந்து கொடுப்பாளா?

"எவனுக்கோ தெரிய வேண்டாம்ப்பா. உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கூட்டத்துல என் குரல் எதுன்னு உங்களால சொல்ல முடியுமா? சொல்ல முடிஞ்ச அன்னைக்குக் கூப்பிடுங்க, ஓடி வர்றேன். அது வரைக்கும் நானும் பேசலை, நீங்களும் பேச வேண்டாம்."

போய்விட்டாள். அம்மாவிடம் மட்டும் தொலைபேசியில் பேசுவாள். "அப்பா இருக்காரா?" என்று கேட்பாள். "இருக்காரு" என்பாள் அம்மா. "சரி, வெச்சிடுறேன்" என்பாள்.

பாப்பா பாடிய முதல் டிஸ்க் கடைகளுக்கு வந்தபோது மனைவிதான் வாங்கி வந்தாள். வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எதுவும் இல்லை. ஆணிக்காரர் அந்த டிஸ்க்கை எடுத்துப் பார்ப்பார், வைப்பார், திரும்ப எடுப்பார். அட்டையில் சின்ன எழுத்தில்கூடப் பெண்ணின் பெயர் இல்லை. கடைசியில் பொறுக்க மாட்டாமல் அந்தக் கடைக்குப் போனார். கவுண்ட்டர் பெண் ஒரு கையடக்கப் பிளேயரில் டிஸ்க்கைப் போட்டு ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிவிட்டாள்.

முதல் பாட்டு போனது. ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது போனது. மூன்றாவது பாட்டின் முடிவில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து 'ஆ' என்று ஓர் ஆகாரம் இழுத்தார்கள். எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஒரே ஒரு குரல் மட்டும் இம்மியளவு தாமதமாக, விட மனசில்லாத மாதிரி, மெல்ல நழுவி நின்றது.

பாப்பா! குழந்தையாக இருந்தபோதே அவள் அப்படித்தான். எதையும் கடைசியாக விடுகிறவள். பள்ளிக்கூட வாசலில் அவர் விரலைக்கூட அப்படித்தான் விடுவாள்.

கடையின் நடுவில் நின்று அந்த மனிதர் அழுதார். கவுண்ட்டர் பெண் பயந்துபோய், "பிடிக்கலைன்னா வேற மாடல் காட்டட்டுமாங்கய்யா?" என்று கேட்டாள். "இதேதாம்மா வேணும். இதையே குடு" என்றார். இதைவிடத் திருப்தியான வாடிக்கையாளர் அந்தக் கடைக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப உடனே கூப்பிடுங்க. ஃபோனை எடுங்க. இதைத்தானே புள்ளை கேட்டா?"

"இரு, இரு. அவசரப்படாதே. ஒரு பாட்டுல சொன்னா, ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிட்டீங்கப்பான்னு சொல்லுவா. எல்லாப் பாட்டுலயும் கண்டுபிடிக்கிறேன். வரிசையாச் சொல்லி அவ வாயை அடைக்கிறேன் பாரு."

ஐயோ, அன்றைக்கே அந்த ஃபோனை எடுத்திருக்கக் கூடாதா! வீம்பு என்று சொல்ல மாட்டேன், அது ஆசைதான். ஒரு வாய் தண்ணீர் குடித்தவனுக்குக் குடமே வேண்டும் என்று தோன்றுவது போல ஓர் ஆசை.

கேட்க நேரம் எங்கே? வேலை விட்டு வந்தால் உடம்பு கெஞ்சும். பக்கத்து வீட்டு டிவி அலறும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கம்பெனியில் எல்லோரும் மெழுகு தோய்த்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டுதான் மெஷினிடம் போவார்கள். ஆணிக்காரர் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஹெட்ஃபோனை மாட்டினார். பிளேயரைச் சட்டைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டார். மெஷின் அடிக்கிற அடியில் பாட்டு எங்கே கேட்கும்? சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். சக்கரம் அதற்கு மேல் திரும்பாது என்கிற வரை கூட்டினார்.

பக்கத்து மெஷின்காரர் ஒருவர், ஒல்லியான உயரமான ஆள், ஒட்டடைக்குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், தூரத்திலிருந்து உதட்டை அசைத்தார்.

"என்ன மாப்ளே, மெஷின் பாடுற பாட்டு பத்தலையா?"

"எம் பொண்ணு பாடுறாடா!"

"எங்க?"

"மெஷினுக்குப் பின்னாடி!"

ஒட்டடைக்குச்சி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மெஷின் இரைச்சலுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஆணிக்காரர் தன் பெண்ணைத் தேடினார். ஐந்தாவது பாட்டில் கண்டுபிடித்தார். கொஞ்ச நாள் கழித்து ஏழாவதில் கண்டுபிடித்தார். அன்றைக்குக் கொட்டகையில் அவர் துள்ளிய துள்ளலைப் பார்த்து, மெஷினில் கை மாட்டிக்கொண்டதோ என்று மனைவி ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் குரல் தேய ஆரம்பித்தது.

முதலில் அந்த மூன்றாவது பாட்டின் நழுவல் போனது. பேட்டரியை மாற்றினார். டிஸ்க்கைத் துணியால் துடைத்தார். பிறகு கோரஸ் முழுவதுமே மழைக்குப் பின்னால் கேட்பது மாதிரி ஆனது. கடைக்குப் போய் ஹெட்ஃபோனை மாற்றி வந்தது அப்போதுதான். அதுவும் சில நாள்தான். திரும்பப் போனார். லென்ஸைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். மறுபடி போனார். டிஸ்க்கில்தான் குறை இருக்கும் என்று புது டிஸ்க் கொடுத்தார்கள். மேனேஜர் இப்போது அவரைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். "உங்க பொண்ணு வந்துட்டாங்களாய்யா?" என்று காவலாளிகூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அது கேலியா அக்கறையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் எழுந்து அடுப்பை அணைக்க மாட்டார். "பாட்டு கேட்டா உலகமே மறந்துடும் இந்த மனுஷனுக்கு" என்று மனைவி அணைப்பாள். தொலைபேசி மணி அடிக்கும், அசைய மாட்டார். அவள் முகத்துக்கு எதிரே வந்து சொன்னால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லுவார். இத்தனை வருடமும் உதட்டைப் பார்த்தே வாழ்ந்த குடும்பம். வேறு வீடாக இருந்திருந்தால் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பார்கள். அந்த வீட்டில் மட்டும் ஒரு மனிதன் காதை இழப்பது யார் கண்ணிலும் படவில்லை.

கடைசியாக அவர் கடைக்குப் போன அன்று கூட்டம் இல்லை. முகம் சவரம் செய்யாமல், கண்கள் குழி விழுந்து, அவரைப் பார்க்கவே கவுண்ட்டர் பெண்ணுக்குச் சங்கடமாக இருந்தது.

"அம்மா, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். வேற பெட்டி குடு. இது வேண்டாம். முழுசா முழுங்கிடுச்சு. இப்ப ஒருத்தி குரலும் வர்றதில்ல."

"ஐயா, நீங்க எப்படிக் கேக்குறீங்களோ அதை எதையும் மாத்தாம அப்படியே குடுங்க. நானே கேட்டுப் பார்க்கிறேன்."

வாங்கி ஹெட்ஃபோனைக் காதில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அடுத்த நொடி, "ஐயோ அம்மா!" என்று அலறி ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். அது கவுண்ட்டரில் விழுந்து அங்கிருந்தே இரைந்தது. காவலாளி ஓடி வந்தார். மேனேஜர் ஓடி வந்தார். கவுண்ட்டரில் கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து வந்த பாட்டை அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவரைத் தவிர.

"என்னம்மா? ஷாக் அடிச்சிடுச்சா?" என்று அவர் பதறினார்.

அவள் சத்தத்தைக் குறைத்தாள். குறைத்துக் குறைத்து, ஒரு சாதாரண மனிதர் கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்தாள். மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது பாட்டு முடிகிற வரை அசையாமல் கேட்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அவர் நின்றார், ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிறவர்கள் டாக்டர் முகத்தைப் பார்ப்பது போல.

"கேக்குதுங்கய்யா" என்றாள் மெல்ல. "பொண்ணுங்க பாடுறது நல்லாவே கேக்குது."

"பொய் சொல்லாதேம்மா."

"சத்தியமாங்கய்யா. எல்லாரும் சேர்ந்து நிறுத்துறாங்க. ஒருத்தங்க மட்டும்..." அவள் சொல்லத் தயங்கினாள். "ஒருத்தங்க மட்டும் கடைசியில துளி இழுத்து விடுறாங்க."

அவர் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, மனைவியைத் தவிர. கவுண்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிளேயரில் பாப்பா இருக்கிறாள். டிஸ்க்கில் இருக்கிறாள். முன்பின் தெரியாத இந்தப் பெண்ணின் காதில் இருக்கிறாள். எங்கே இல்லை என்று அவருக்குப் புரிந்துபோனது.

"பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்கய்யா" என்றாள் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பெட்டியில ஒரு குறையும் இல்ல. நீங்க ஒரு காது டாக்டரைப் பாருங்க."

மேனேஜர் தானே வந்து கதவைத் திறந்து விட்டார்.

காது டாக்டர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

"மெல்லிய சத்தத்தை, கீச்சுன்னு உயரமா வர்ற சத்தத்தைப் பிடிக்கிற நரம்புதான் முதல்ல சாகும். பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல், விசில், மணி எல்லாம் அதுலதான் அடங்கும். மெஷின் பாதியைத் தின்னிருக்கு. மிச்சத்தை இந்த ஹெட்ஃபோன் தின்னுடுச்சு. பஞ்சை ஏன் எடுத்தீங்க?"

"எம் பொண்ணு பாட்டைக் கேக்கங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"காதுக்குள்ள மெஷின் வெச்சுக்கிட்டா கேக்குமாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சத்தம் பெருசாக் கேக்கும்மா. ஆனா அது யார் குரல்னு தெரியாது. செத்த நரம்பு திரும்ப வராது."

வெளியே வந்து இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். சுற்றிலும் ஹாரன், கூச்சல், விற்பனைக்காரர்களின் குரல். அவருக்கு எல்லாம் ஒரே மொத்தையாகக் கேட்டது. மனைவி அவர் எதிரே வந்து நின்று உதட்டை அசைத்தாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. போன வாரமே பாப்பாகிட்டச் சொல்லிட்டேன். அப்பா உன் குரலைக் கண்டுபிடிச்சிட்டாரு, மூணு பாட்டுல சொல்லிட்டாருன்னு. ஞாயித்துக்கிழமை வர்றா."

எத்தனை நாள் எதிர்பார்த்திருந்த சேதி!

"வரட்டும்" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காது போனதை ஒரு நாள் சொல்லித்தான் ஆகணும். சொல்லு. வயசாயிடுச்சு, மெஷின் சத்தம்னு சொல்லு. ஆனா அவ பாட்டைக் கேட்டுத்தான் போச்சுன்னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம் அவ வாயைத் திறக்க மாட்டா. எனக்குச் சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். ஒட்டடைக்குச்சி பஞ்சுச் சுருளை நீட்டியபோது வேண்டாம் என்று கையசைத்தார். காப்பாற்றி வைக்க இனி உள்ளே என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பாப்பா வந்தாள். மெலிந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். உதடு தெரியாததால் அது என்னவென்று கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு அவள் எதிரே உட்கார்ந்தாள். அதுவரை நல்லபடியாக நடந்தது.

"எங்கப்பா கண்டுபிடிச்சீங்க? எந்த இடம்? சும்மா அடிச்சு விடக் கூடாது."

"மூணாவது பாட்டு. கடைசி ஆகாரம். எல்லாரும் நிறுத்தினப்புறம் நீ மட்டும் துளி லேட்டா விடுவே."

பாப்பா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அதுக்கு எவ்வளவு திட்டு வாங்கினேன் தெரியுமாப்பா? கோரஸ்ல அது பெரிய குத்தம். அந்த ஒரு ரெகார்டிங்ல மட்டும் கவனிக்காம விட்டுட்டாங்க. அப்புறம் பயிற்சி பண்ணிப் பண்ணி அந்தப் பழக்கத்தையே விட்டுட்டேன். இப்ப எல்லாரோடயும் டக்குன்னு நிறுத்துறேன். இனிமே உங்களால கண்டுபிடிக்கவே முடியாது."

"ஆமா, முடியாது" என்றார் அவர். மனைவி எழுந்து அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"ஆனா கண்டுபிடிக்கத் தேவையே இல்ல!" பாப்பா பையைத் திறந்து ஒரு புது டிஸ்க்கை எடுத்தாள். "ஒரு வரிப்பா. ஒரே ஒரு வரி. தனியாப் பாடியிருக்கேன். என் குரல் மட்டும். இன்னும் கடைக்கே வரலை. முதல்ல நீங்கதான் கேக்கணும்னு யாருக்கும் போட்டுக் காட்டலை, அம்மாவுக்குக்கூட."

பிளேயரை எடுத்து டிஸ்க்கைப் போட்டாள். ஹெட்ஃபோனை அவள் கையாலேயே அவர் காதில் மாட்டினாள். சிறு வயதில் அவர் அவளுக்குத் தொப்பி மாட்டிவிடும்போது செய்வது போல முடியை ஒதுக்கிவிட்டாள். பொத்தானை அழுத்திவிட்டு, வெட்கம் வந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேளம் வந்தது. தட், தட் என்று அடித்தளத்தில் ஏதோ அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு, தவித்தார். ஒரு கீறல் வரட்டும். ஒரு நூல் வரட்டும். ஏதோ முனகல் மாதிரி ஒன்று வந்தது. அதுவாக இருக்குமோ? அதுவேதான். அது பாப்பாதான். இல்லை, அது கிட்டாராகவும் இருக்கலாம். கண்ணைத் திறந்தபோது பெண் திரும்பி அவரையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சும்மா" என்றார். கண்ணில் நீர் நின்றது. "வந்துச்சு. அப்படியே தேன் மாதிரி இருக்கு. எனக்குத் தெரியாதா உன் குரல்?"

பாப்பாவின் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது.

"இன்னும் வரலையேப்பா" என்றன அவள் உதடுகள். "என் வரி கடைசியிலதான் வரும்."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. பிளேயரின் சின்னக் கண்ணாடியில் ஓடும் எண்களைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், திரும்ப எண்களைப் பார்த்தாள். அப்புறம் அவளை அறியாமலே அவள் உதடுகள் மெல்ல அசையத் தொடங்கின. ஒரு வரி. அழகான வரி. ஒவ்வொரு எழுத்தையும் அவர் படித்தார். இதோ, இப்போது உன் காதில் பாடிக்கொண்டிருக்கிறாள், சிரி, முகத்தை மலர்த்து என்று உள்ளுக்குள் யாரோ விரட்டினார்கள். அவர் உதட்டை இழுத்துப் புன்னகை செய்வதற்குள் அவள் உதடுகள் மூடிவிட்டன. சிரிக்க வேண்டிய இடம் கடந்துபோயிருந்தது.

பாப்பா எழுந்தாள். அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவளுடைய குட்டை முடியும் முதுகும்தான் அவருக்குத் தெரிந்தன. என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. ஆனால் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற மனைவியின் முகம் அவருக்கு நேராக இருந்தது. அவள் உதடுகள் பிரிந்தன. அவர் "வேண்டாம்" என்று தலையாட்டினார். கையை ஆட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை, பெண்ணைத்தான் பார்த்தாள். இத்தனை நாள் தனியாகச் சுமந்தவள், எவ்வளவுதான் தாங்குவாள்?

"உன் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான்டி" என்றன அந்த உதடுகள்.

பாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுகிறாள் என்பது தோள்கள் குலுங்கியதில்தான் அவருக்குத் தெரிந்தது. "பாப்பா, இங்க பாரும்மா, என் மூஞ்சியைப் பாரு" என்று அவர் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். அவள் திரும்பவில்லை. அவர் காதுகளில் மேளம் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.